கடைசியாகச் சோறு வைத்த கை

ஊஞ்சக்காட்டில் நாய்க்கும் பூனைக்கும் உண்டாகும் வலி, அவற்றுக்குக் கடைசியாகச் சோறு வைத்தவர் உடம்பில் வந்து உட்காரத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அப்போதுதான் கரண்ட் போனது. ஊரில் இருந்த நானூறு விசைத்தறிகளும் ஒரே மூச்சில் நின்றன. வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்திலேயே பேசி, தறிச் சத்தத்திலேயே சண்டை போட்டு, தறிச் சத்தத்திலேயே பிள்ளைகளைத் தூங்கவைத்துப் பழகிய ஜனங்கள் காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தாற்போல விழித்துக்கொண்டு நின்ற அந்த அமைதியில், இந்த வீட்டில் ஒருவர், அந்த வீட்டில் ஒருவர், கோயில் வாசலில் ஒருவர், கறிக்கடையில் ஒருவர் என்று ஊர் முழுக்க ஐம்பது பேர் "ஐயோ" என்றார்கள். அந்த ஐம்பது பேரில் மாராத்தாளும் ஒருத்தி. நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். ஏன் அன்றைக்கு, ஏன் இந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது. தெரியும் என்று பிற்பாடு கிளம்பியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது.

முதலில் மூட்டுக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். ஆஸ்பத்திரி வேன் வந்து எல்லாரிடமும் ரத்தம் எடுத்துப் போனது. ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வந்தது. கறிக்கடைக் குப்பண்ணன் நிலைமைதான் எல்லாரையும்விட மோசம். கறி வெட்டும் கட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். காதுக்குள் சீழ் கொதிக்கிறது என்றார், இடுப்பில் புழு நெளிகிறது என்றார், பின்னங்கால் குடைகிறது என்றார். மனுஷனுக்கு ஏது பின்னங்கால் என்று பெண்டாட்டி கேட்டதற்கு, "இருக்குதுடி, எனக்கு இருக்குது" என்று அழுதார். தினமும் விடிந்ததும் பதினொரு நாய்களுக்குச் சவ்வும் கொழுப்பும் வீசுகிற மனுஷன் அவர். நான்காம் நாள், டீக்கடை முன்னால் பின்னுக்கு வந்த நூல் லாரி ஒரு செவலை நாயின் முன்னங்காலில் ஏறி இறங்கியது. நாய் ஒரே ஒரு முனகலோடு மூன்று காலில் நொண்டிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டது. தெருக்கோடியில் குப்பண்ணன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கக் கத்தினார். டீக்கடைக்காரி வள்ளியாத்தாள் இரண்டையும் பார்த்தாள். சந்தேகம் தீர இன்னொரு நாயின் காதைக் கிள்ளிப் பார்த்தார்கள். குப்பண்ணன் தன் காதைத் தட்டிவிட்டுக்கொண்டார். நம்பாதவர்கள் ஒவ்வொருவராக வந்து கிள்ளிப் பார்த்ததில், "போதுஞ்சாமி, நம்பித் தொலைங்க" என்று அவர் கும்பிட வேண்டியதாயிற்று.

இரண்டே வாரத்தில் ஊர் இதன் நெளிவு சுளிவுகளைப் படித்துக்கொண்டது. காயம் வராது, வலி மட்டும் வரும், அதனால் அந்த ஜீவனுக்கு வலி குறைவதுமில்லை. ஊசி, மாத்திரை, தைலம் எதற்கும் அது அசையாது, ஏனென்றால் அது நம்முடையதல்ல. சோறு வைப்பதை நிறுத்தினால் தப்பிக்கலாம் என்று பார்த்தவர்களுக்கு அந்த நாயின் பசியும் சேர்ந்து வலித்தது. விலக மூன்றே வழிதான். அந்த ஜீவனுக்குக் குணமாக வேண்டும். இல்லையென்றால் வேறொருவர் அதற்கு ஒரு வாய் ஊட்டி, வலியைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழியையும் குப்பண்ணன் மூலமாகத்தான் ஊர் தெரிந்துகொண்டது. ஒரு மத்தியானம் இடுப்பில் நெளிந்த புழு சட்டென்று நின்றுபோக, அவர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ சொன்னார். பாதி டீ குடிப்பதற்குள், சாக்கடைப் பாலத்தடியில் வெள்ளை நாய் செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஊஞ்சக்காட்டில் வலி நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் எழுந்து போய் அந்த நாயைத் தேடினார்கள். அப்புறம்தான் சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள்.

இவ்வளவு தெரிந்தபிறகு ஜனங்கள் சும்மா இருப்பார்களா? விருந்துக்கு வந்த மச்சான் கையில் பன் துண்டைக் கொடுத்து, "அந்த நாய்க்குப் போடுங்க மச்சா, ஏங்கிப் பாக்குது பாவம்" என்றார்கள். வெளியூர்ப் பஸ் நின்றால் பிஸ்கட்டை இலவசமாக நீட்டினார்கள். கண்டக்டர் விசில் ஊதுவதற்கு முன்னால், "ஊஞ்சக்காட்டுல யாரும் நாய்க்கு எதும் போட்றாதீங்க" என்று கத்த ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்துக்கு முன்னால், பொண்ணு பூனைக்குச் சோறு வைக்குமா என்று விசாரித்தார்கள். தறி முதலாளிகள் நெசவுக்கு வருகிறவர்களை, நொண்டுகிறார்களா என்று நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் ஊரில் ஒருவரும் நாய்மேல் கல்லெறியவில்லை, எறிந்தால் எந்த வீட்டிலிருந்து அலறல் வரும் என்று சொல்ல முடியாது. கடைசியில், ஏமாற்றி ஏமாற்றி யாரும் மிச்சமில்லாத கட்டத்தில், குழாயடியில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல வீதிக்கு வீதி வலிக்கு முறை வைத்தார்கள். முறைக்காரர் மூன்று நாள் சோறு வைத்து, அந்த மூன்று நாளும் படுத்திருப்பார். நான்காம் நாள் அடுத்தவர்.

புதன்கிழமைகளில் மட்டும் வருகிற மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வினோதாவுக்கு இப்படியொரு கூட்டம் அதுவரை பழக்கமில்லை. மடியில் நாயை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், "இங்கீங்க, இந்த எலும்புக்குக் கீழீங்க" என்று தங்கள் உடம்பில் தொட்டுக் காட்டுவார்கள். அவர் அதே இடத்தில் நாயைத் தொட்டுப் பார்ப்பார். வாயில்லாத ஜீவன் என்று படித்து வந்த படிப்பு போதாமல், முதல் நாள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மருந்து எழுதினார்.

மாராத்தாள் கொண்டுபோனது ஒரு பூனை. பாவு நூல் சுற்றிய பெரிய உருளைமேல் பிறந்ததால் அதற்குப் பாவு என்றே பெயர். நூலைக் கடிக்கும் எலிக்காகத் தறிக்கூடத்தில் வளர்ந்தது, எலி பிடிக்கிற வயசெல்லாம் கடந்து வீட்டோடு தங்கிவிட்டது. வயது பதினாலு.

"எங்கம்மா வலிக்குது?" என்றார் டாக்டரம்மா.

"வலது இடுப்புங்க. கீழ ஒக்காந்தா எந்திரிக்க முடியறதில்லீங்க. அப்பறம் இந்தத் தாடைங்க, தண்ணி பட்டாக்கூட விண்ணுனு தெறிக்குது."

டாக்டரம்மா பூனையின் தாடையில் விரலை வைத்தார். மாராத்தாள் துள்ளி விழுந்தாள், பூனை அசையவில்லை.

"பாத்தீங்களா, நீங்க துடிக்கிறீங்க, இது கம்முனு இருக்கு. பூனை காட்டிக்காதும்மா. காட்டினா மத்தது அடிச்சுப் போட்டுரும்னு பொறப்புலயே அதுக்கு ஒரு பயம். மேல தாவுறதை நிறுத்திருச்சா?"

"ரெண்டு வருசமாச்சுங்க. வயசாயிப் போச்சு, சாதுவாயிருச்சுன்னு நெனச்சனுங்க."

"ஒரே எடத்தை நக்கிக்கிட்டே இருக்குமா?"

"ஆமாங்க. எம்பட பூனை எத்தன சுத்தம் பாருங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்லுவனுங்க."

"உடம்பைக் குறுக்கிக்கிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, தலையைத் தொங்கப்போட்டு உட்காருமா?"

 பூனை தியானம் பண்ணுகிறது என்று வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியவள் மாராத்தாள். தறி நின்ற அந்தக் காலையில் தன் இடுப்பில் வந்து இறங்கியது எத்தனை நாள் பழைய வலி என்று அப்போதுதான் புரிந்தது. அதை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. அவமானமாக இருந்தது. வாய் திறந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால், கேட்டு என்ன, பூனை எதை வைத்து மன்னிக்கும்?

"இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கு, பல்லுக்கடியில சீழ் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "வயசான பூனை. கிட்னி எப்படி இருக்குன்னு ரத்தம் பாத்துட்டுத்தான் தொடர்ந்து வலி மருந்து குடுக்க முடியும். ரத்தம் எடுத்திருக்கேன், அடுத்த புதன்கிழமை சொல்றேன். இப்ப ஒரு ஊசி போடறேன், ஒரு நாளைக்குத் தாங்கும். சூடா துணி வெச்சு ஒத்தடம் குடுங்க. உங்க மாத்திரை எதையும் குடுத்துராதீங்க. காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் போடறோமே, அது பூனைக்கு விஷம். கால்வாசி போதும், ரத்தத்தையே கெடுத்துரும்."

"நான் எதுக்குங்க குடுக்கப் போறேன்" என்றாள் மாராத்தாள்.

ஊசி போட்ட அன்று இருவருக்கும் வலியில்லை. பாவு எழுந்து, சோம்பல் முறித்து, வீட்டு மூலையில் கிடந்த, இரண்டு வருஷமாக ஏறாத பாவு உருளைமேல் தாவி ஏறிப் படுத்துக்கொண்டது. மாராத்தாள் எதிரே உட்கார்ந்து, வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அது இறங்க முடியாமல், கத்தவும் கத்தாமல் நின்றபோது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்து தூக்கி இறக்கினாள்.

அவள் புருஷன் சென்னியப்பன் தறியோட்டி. அதிகம் பேசாத மனுஷன், பூனையை "உன்ற பூனை" என்றுதான் சொல்வார். ஊஞ்சக்காட்டுத் தறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு மணி நேரம் நின்று கைகால் ஓய்ந்தால் வலி மாத்திரை ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்து, பாதியைத் தான் போட்டுக்கொண்டு பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவார்கள், வெற்றிலை நீட்டுவதுபோல. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் சென்னியப்பன் மாராத்தாளுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்ததில்லை. ஆனால் பாதி மாத்திரை கொடுக்க மறந்ததுமில்லை.

"நான் ஒரு வாய் சோறு வெக்கறேன் புள்ள. கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட இருக்கட்டும்" என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.

"நீங்க தறியில நிக்கோணுமுங்க. ரெண்டு வருசம் அது ஒத்தையில தாங்கியிருக்குது, நான் ஒரு வாரம் தாங்க மாட்டனா?" என்று சொல்லி, பூனைக் கிண்ணத்தைக் கைக்கெட்டாத அடுக்கின்மேல் வைத்தாள். முறைக்கு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள். டாக்டரம்மா மாத்திரை பற்றிச் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மறைத்ததல்ல. பூனைக்கு அவர் ஏதாவது கொடுப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வலி நின்றது. நூல் சுற்றுவதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பாவு கட்டிலடியில் படுத்திருந்தது. மூச்சு வந்தது, உடம்பு சூடாக இருந்தது. கிண்ணம் அடுக்கின்மேல் காய்ந்து கிடந்தது. சாகவுமில்லை, வேறு யாரும் ஊட்டவுமில்லை. அப்படியானால் குணம்தான், ஒத்தடம் கேட்டுவிட்டது என்று அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள், தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துப் பார்த்தாள், வள்ளியாத்தாளிடம் போய்ச் சொன்னாள். வள்ளியாத்தாள் கூடவே வந்து கட்டிலடியில் குனிந்து பார்த்துவிட்டு, "உசுரோடதான் இருக்குது, சிரிச்சுக்கோ" என்றாள். சாயங்காலம் மீன்தலை வைத்தபோது பூனை வரவில்லை. எத்தனையோ நாள் கழித்து வலியில்லாமல் தூங்குகிறது, எழுப்புவானேன் என்று விட்டுவிட்டாள். பக்கத்துத் தறிக்காரர் வரவில்லை, அவர் தறியையும் சேர்த்து ஓட்டிவிட்டுக் காலையில் வருகிறேன் என்று சென்னியப்பன் சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவர் வந்தார். வாசற்படியில் உட்கார்ந்தார். அவள் டீ வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. உடம்பைக் குறுக்கி, கண்ணைப் பாதி மூடி, தலையைத் தொங்கப்போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பூனை அப்படி உட்கார்வதை அவள் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங்க, என்ன பண்ணுனீங்க?"

"நேத்து டீ குடிக்க வந்தப்ப என்ற டம்ளர் மூடியில கொஞ்சம் பால் ஊத்திக் குடுத்தேன். நீ படற பாட்டைப் பாக்க முடியல புள்ள."

"பால் மட்டுமா குடுத்தீங்க?"

"மாத்திரை. நீ முழுங்கிப் பாத்தயல்ல, கேக்கல. வலி பூனையோடது, நீ முழுங்கினா எப்பிடிக் கேக்கும்? அதுக்குத்தான குடுக்கோணும்? சின்ன ஒடம்புன்னு பாதிகூடக் குடுக்கல. கால்வாசிதான். பொடி பண்ணித்தான் குடுத்தேன்."

அவர் மூச்சு வாங்கி வாங்கி இதைச் சொன்னார். நெஞ்சில் யாரோ பாவு உருளையைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். அவள் கட்டிலடியிலிருந்து பூனையை இழுத்தாள். முகம் வீங்கியிருந்தது, வாயில் எச்சில் ஒழுகியது, உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சேற்று நிறத்தில் இருந்தது. அவரைத் திட்ட வாய் வரவில்லை. திட்டுவதென்றால் தன்னைத்தான் திட்ட வேண்டும், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

டவுனில் இருந்த டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். "அந்த விஷத்துக்கு மாத்து மருந்து இங்க இருக்கு. நேரம் நிறைய ஆயிருச்சும்மா, ஆனாலும் வாங்க, ஒடனே வாங்க" என்றார். டவுன் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

செய்தி அதற்குள் வீதிக்கு வந்துவிட்டது. விருந்தாளி கையில் பன்னைத் திணித்தவர்கள், பஸ்காரர்களுக்குப் பிஸ்கட் நீட்டியவர்கள், முறை வருகிற நாளில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். வள்ளியாத்தாள் பாலாடை கொண்டுவந்தாள். குப்பண்ணன், பத்து நாய்களின் வலியோடு நொண்டிக்கொண்டே, ஆட்டெலும்புச் சாறு கொண்டுவந்தார்.

"ஒரு சொட்டு நக்கட்டும் மாராத்தா, நான் வாங்கிக்கறேன். எனக்குப் பழகிப்போச்சு. சென்னியப்பன் தாங்க மாட்டான்."

"எனக்குக் குடுங்க, எனக்கு" என்றார்கள் ஒவ்வொருவரும். அத்தனை கைகளும் அத்தனை கிண்ணங்களும் முன்னால் வந்தன. பாவு எதையும் பார்க்கவில்லை. மூக்கில் பாலாடையைத் தடவினால் தலையைத் திருப்பிக்கொண்டது. வாங்கிக்கொள்ள ஊரே நின்றது, கொடுக்கப் பூனைக்கு வாய் திறக்கவில்லை.

வலியோடு வண்டி ஓட்ட வேண்டாம் என்று நாலு பேர் தடுத்தார்கள். "குடுத்தது நானு, கொண்டுபோறதும் நான்தான்" என்று சென்னியப்பன் மொபெட்டை எடுத்துவிட்டார். மாராத்தாள் வயர்கூடையில் பழைய வேட்டித் துணியைப் போட்டு, பூனையை வைத்து மடியில் ஏந்திப் பின்னால் உட்கார்ந்தாள். கூடைக்குள் பூனைக்குப் பக்கத்தில் சின்னப் புட்டியில் பால். இரு பக்கமும் சோளக்காடு ஓட ஓட, அவள் விரலைப் பாலில் நனைத்துப் பூனையின் உதட்டில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப நனைத்து வைத்தாள்.

"ஒரே ஒரு தரம் நக்கு சாமி. எனக்குக் குடுத்துரு. ரெண்டு வருசமா நான் பாக்கல, இப்பப் பாத்துட்டேன். எனக்குக் குடுத்துரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

முன்னால் சென்னியப்பன் கைப்பிடிமேல் கவிழ்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இறைத்துக்கொண்டு ஓட்டினார். அவர் முதுகில் ஒரு கையை அணைவாக வைத்திருந்தாள். கூடைக்கடியில் தொடையில் ஒரு குறுகுறுப்பு இருந்தது. பூனை வலியிலும் தொண்டைக்குள் குர்ரென்று குறுகுறுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது பூனையா, மொபெட்டின் அதிர்வா என்று அவளுக்குப் பிரித்துத் தெரியவில்லை.

ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவள் கைக்கடியில் அவர் முதுகு நிமிர்ந்தது. ஒரு நீளமான மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

"மாராத்தா, வலி போயிருச்சு" என்றார். வண்டி மெதுவானது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "பால் குடிச்சிருச்சா? உங்கிட்ட வந்துருச்சா?"

அவள் விரல் இன்னும் பூனையின் உதட்டில்தான் இருந்தது. பால் விரலிலேயே காய்ந்திருந்தது. அவளுடைய இடுப்பில் ஒன்றுமில்லை, தாடையில் ஒன்றுமில்லை, மூச்சு தாராளமாக வந்தது.

"ஆமாங்க" என்றாள். "குடிச்சிருச்சுங்க. எங்கிட்ட வந்துருச்சு."

"ரொம்ப வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதுங்க."

"எங்க புள்ள வலிக்குது? டாக்டரம்மா கேட்டாச் சொல்லோணுமல்ல. எங்க?"

இத்தனை நாளும் இடம் காட்டிச் சொன்னவளுக்கு, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

"பொறுத்துக்க, பொறுத்துக்க, இன்னும் ஆறே கிலோமீட்டர்" என்று சொல்லிச் சென்னியப்பன் வண்டியை முறுக்கினார். மாராத்தாள் வேட்டித் துணியை இழுத்துக் கூடையை மூடி, காற்றுப் படாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.